குடிக்காதவர் மலைநடைக்கு நடுவே கிராமத்துப் பப்புக்குப் போகலாமா?

கேள்வி கேட்டவர் வேலைக்காக மான்செஸ்டர் வந்து மூன்று மாதம் ஆகிறது. அலுவலக நண்பர்கள் ஒரு சனிக்கிழமை ஈடேல் பக்கம் மலை நடக்கவும் கிராமத்துப் பப் ஒன்றில் சாப்பிடவும் கூப்பிட்டிருக்கிறார்கள். இவர் குடிப்பதில்லை, சைவம் வேறு. மனைவியையும் எட்டு வயது மகளையும் கூட்டிக்கொண்டு போகலாமா, போனால் அங்கே என்ன செய்வது என்று கேட்கிறார்.

தாராளமாகப் போங்கள், குடும்பத்தோடு போங்கள். நான் ஷெஃபீல்டில் பதினேழு வருடமாக இருக்கிறேன். அந்த மலைகளில் நடக்காத மாதம் கிடையாது. மதுவைத் தொட்டதில்லை. ஆனால் நடந்து முடித்து ஒரு பப்பில் போய் உட்காராமல் வீடு திரும்பிய நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதனால் உங்கள் தயக்கம் எனக்கு நன்றாகவே புரிகிறது. மதுக்கடை என்றதும் நம் கண் முன் வருவது டாஸ்மாக் வாசல். அந்தப் படத்தை முதலில் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள்.

பப் என்பது 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம், அதாவது பொதுவுக்குத் திறந்துவிட்ட வீடு. ஒரு காலத்தில் கிராமத்துப் பெண்கள் வீட்டிலேயே ஏல் என்ற பீர் வகையைக் காய்ச்சுவார்கள். விற்பனைக்குத் தயார் என்றால் வாசலில் ஒரு கம்பை நட்டு வைப்பார்கள், ஊர்க்காரர்கள் அவர்கள் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து குடித்துவிட்டுப் போவார்கள். இன்றைக்கும் பல கிராமத்துப் பப்களில் நடத்துபவரின் குடும்பம் மாடியில்தான் குடியிருக்கிறது. கணப்படுப்பு, ஜன்னலோரம் மெத்தை போட்ட பெஞ்சு, சுவரில் யாரோ ஒருவருடைய தாத்தா காலத்துப் படம், காலடியில் தூங்கும் நாய் எல்லாம் அப்படி வந்தவைதான். ஒருவர் வீட்டுக் கூடத்துக்குள் நுழைகிறோம் என்று நினைத்துக்கொண்டு போனால், அங்கே எப்படி நடந்துகொள்வது என்பதில் பாதி தானாகவே வந்துவிடும்.

இப்போது இடத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் ஈடேல் இதற்கு அருமையான ஊர். மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் நடுவே ஓடும் ஹோப் பள்ளத்தாக்கு ரயில் பாதையில் இருக்கிறது. எல்லா நிலையத்திலும் நிற்கும் ரயிலில் உங்களுக்கு முக்கால் மணி நேரம் போல ஆகும். ஒரு பக்கம் கிண்டர் ஸ்கவுட், 636 மீட்டர், அந்த வட்டாரத்திலேயே உயரமானது. எதிர்ப்பக்கம் மாம் டோர், 517 மீட்டர். இரண்டுக்கும் நடுவே பள்ளத்தாக்கில் ஒரு தெரு, ஒரு தேவாலயம், இரண்டு பப். நிலையத்தை ஒட்டி இருப்பது ராம்ப்ளர் இன். ஊரின் மேல் கோடியில், பத்து நிமிட நடையில், ஓல்ட் நாக்ஸ் ஹெட். இது 1577-ஆம் ஆண்டுக் கட்டடம் என்கிறார்கள். 'நாக்' என்றால் குதிரை. இந்த மலைகளுக்கு மேலே பொதிக்குதிரைகள் செஷயர் உப்பையும் கம்பளியையும் ஏற்றிக்கொண்டு போய்வந்த காலம் இருந்தது. அந்தக் குதிரைக்காரர்களை இந்தப் பக்கம் 'ஜாகர்' என்பார்கள். மலையேறும் முன்போ இறங்கிய பின்போ மனிதனும் விலங்கும் இளைப்பாற ஓர் இடம் வேண்டுமல்லவா? இன்று பையை முதுகில் மாட்டிக்கொண்டு நாம் அதே வேலைக்காகத்தான் அங்கே போகிறோம்.

பென்னைன் வே என்ற 268 மைல் நடைபாதை தொடங்குவதும் அந்தப் பப் வாசலில்தான். அது ஸ்காட்லாந்து எல்லையைத் தாண்டி கிர்க் யெத்தோமில் முடிகிறது. முடியும் இடமும் ஒரு பப். முழுப் பாதையையும் நடந்து முடித்து அங்கே வந்து சேர்பவருக்கு அரை பைண்ட் பீர் இலவசம் என்பது பல வருட வழக்கம்.

அப்புறம், உங்கள் நண்பர்கள் கிண்டர் ஏறப் போகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். க்ரைன்ட்ஸ்புரூக் ஓடை வழியாக ஏறி, மேட்டின் விளிம்போடு நடந்து, ஜேக்கப்ஸ் லேடர் வழியாக இறங்குவது அழகான பாதைதான். ஆனால் ஐந்தாறு மணி நேரம் ஆகும், ஓடையில் பாறை மேல் கைவைத்து ஏற வேண்டிய இடங்களும் உண்டு. மேலே மூடுபனி இறங்கினால் வழி தெரியாது. முதல் தடவை வரும் எட்டு வயதுப் பிள்ளைக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். நண்பர்கள் கிண்டருக்குப் போகட்டும். நீங்கள் மூவரும் ஈடேலிலிருந்து ஹாலின்ஸ் கிராஸ் என்ற கணவாய்க்கு ஏறி, மாம் டோர் வரை போய்விட்டு அதே வழியில் திரும்பி வாருங்கள். எட்டு ஒன்பது கிலோமீட்டர்தான். மலைமுகட்டில் கல் பாவிய பாதை, வழி தவறவே முடியாது. ஹாலின்ஸ் கிராஸ் வரைக்கும் ஏற்றத்தில் மூச்சு வாங்கும், அதற்குப் பிறகும் மாம் டோர் உச்சிக்குக் கொஞ்சம் ஏற வேண்டும். இத்தனை மணிக்குப் பப்பில் சந்திப்போம் என்று சொல்லிவிட்டுப் பிரியலாம். இதில் கூச்சப்பட எதுவும் இல்லை. நீளமாக நடப்பவர், குறைவாக நடப்பவர், முட்டி வலியால் நடக்கவே முடியாமல் காரில் வரும் மாமனார் எல்லோரும் கடைசியில் ஒரே மேசைக்கு வந்து சேர்வது இங்கே சாதாரணம்.

மாம் டோர் என்றால் தாய் மலை. மண் சரிந்து சரிந்து, காலடியில் குட்டிக் குன்றுகளை ஈன்றுகொண்டே இருப்பதால் அந்தப் பெயர் என்பார்கள். கீழே ஓடிய தார்ச்சாலையைத் திரும்பத் திரும்பச் சரிசெய்து பார்த்தார்கள், முடியவில்லை, 1979-இல் மூடிவிட்டார்கள். உடைந்த தார் அடுக்குகள் இன்னும் கிடக்கின்றன. ஹாலின்ஸ் கிராஸுக்கும் ஒரு கதை உண்டு. ஈடேலில் தேவாலயம் இல்லாத காலத்தில் இறந்தவர்களை அந்தக் கணவாய் வழியாகத்தான் காசில்டனுக்குச் சுமந்துபோய் அடக்கம் செய்தார்கள். இதையெல்லாம் மகளுக்குச் சொல்லிக்கொண்டே ஏறினால் ஏற்றம் தெரியாது.

கிண்டரைப் பார்க்கும்போது இன்னொன்றையும் சொல்லுங்கள். அந்த மேடு ஒரு காலத்தில் க்ரௌஸ் என்ற காட்டுக்கோழி வேட்டைக்காகப் பணக்காரர்கள் மற்றவர்களை விடாமல் வைத்திருந்த நிலம். 1932 ஏப்ரல் 24 அன்று, மலைக்கு மேற்கே ஹேஃபீல்டு பக்கமிருந்து, மான்செஸ்டர் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் தடையை மீறி ஏறினார்கள். முன்னால் நின்ற பென்னி ராத்மனுக்கு அப்போது இருபது வயது. ஐந்து பேருக்குச் சிறை. 1951-இல் பீக் டிஸ்ட்ரிக்ட் என்ற இந்த வட்டாரம் நாட்டின் முதல் தேசியப் பூங்கா ஆனது. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் இப்படிப்பட்ட திறந்த மேட்டு நிலங்களில் நடக்கும் உரிமையைக் கொடுத்தது. நீங்களும் நானும் யாரிடமும் கேட்காமல் அங்கே நடக்கிறோம் என்றால் அவர்கள் ஏறியதும் அதற்கு ஒரு காரணம். எனக்கு அந்த மலையின் மேல் இருக்கும் மரியாதையில் பாதி இதனால்தான்.

சரி, பப்புக்கு வருவோம். முதலில் நேரம். எல்லாவற்றையும் விட இதுதான் முக்கியம். பப் நாள் முழுக்கத் திறந்திருந்தாலும் சமையலறை திறந்திருக்காது. பல இடங்களில் மத்தியானச் சாப்பாடு இரண்டு, இரண்டரையோடு முடிந்துவிடும், மறுபடி மாலைதான். முந்தின நாளே தொலைபேசியில் கூப்பிட்டு, எத்தனை மணி வரை சாப்பாடு, எத்தனை பேர் வருகிறோம் என்று சொல்லிவிடுங்கள். ஆறு பேருக்கு மேல் என்றால் முன்பதிவு இல்லாமல் சனிக்கிழமை மேசை கிடைப்பது கஷ்டம்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் மகனுக்கு அப்போது ஒன்பது வயது, டிசம்பர் மாதம். மேலே ஒரு வேலிக்கதவில் தவறாகத் திரும்பி முக்கால் மணி நேரம் போய்விட்டது. நாங்கள் ஒரு பப் கதவைத் திறந்தபோது இரண்டு நாற்பது. சமையலறை மூடியாகிவிட்டது. பையன் முகம் வாடிப்போய்விட்டது. ஒரு ஹாட் சாக்லேட்டும் ஒரு பாக்கெட் சிப்ஸும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். பக்கத்து மேசையில் எழுபது வயதுக்கு மேலான ஒரு தம்பதி. அந்தப் பெண்மணி தன் சிப்ஸ் பாக்கெட்டை வாய்ப்பக்கம் பிரிக்காமல், முதுகுத் தையலோடு நீளவாக்கில் கிழித்தார். பக்கங்களையும் விரித்துவிட்டதும் அது ஒரு வெள்ளித் தட்டு மாதிரி மேசையில் படுத்துக்கொண்டது. அதை அப்படியே இரண்டு மேசைக்கும் நடுவே தள்ளி வைத்துவிட்டு, "எந்த மலை ஏறினீர்கள்?" என்று என் மகனைக் கேட்டார். பப்பில் பாக்கெட்டை அப்படிக் கிழித்து வைத்தால் மேசையில் உள்ள எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். அன்றைக்குத்தான் அது எனக்குத் தெரிந்தது. இப்போது நானும் அப்படித்தான் பிரிக்கிறேன்.

உள்ளே நுழையும் முன் காலைப் பாருங்கள். பிறகு தரையைப் பாருங்கள். கல் தளமாக இருந்தால் சேற்றைத் தட்டிவிட்டுப் பூட்ஸோடு போகலாம், அந்த அறை நடப்பவர்களுக்காகவே விடப்பட்டிருக்கும். கம்பளம் விரித்திருந்தால் முகப்பிலேயே கழற்றி வைத்துவிட்டு சாக்ஸோடு போங்கள், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். இதற்காகவே நான் பையில் எப்போதும் ஒரு ஜோடி உலர்ந்த சாக்ஸ் வைத்திருப்பேன். நனைந்த கம்பளிச் சாக்ஸை உருவிவிட்டு உலர்ந்ததைப் போட்டுக்கொண்டு, கணப்பைப் பார்த்துக் காலை நீட்டும் அந்த ஒரு நிமிடத்துக்காகவே நடக்கலாம். நடைக்கோலை வெளியே சாத்திவிடுங்கள், பையை மேசைக்கடியில் தள்ளிவிடுங்கள், நனைந்த கோட்டை அடுத்தவர் நாற்காலியில் போடாதீர்கள்.

உட்கார்ந்தால் யாராவது வந்து கேட்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம். கிராமத்துப் பப்பில் பெரும்பாலும் நாம்தான் எழுந்து பார் மேசைக்குப் போய்ச் சொல்லி, அங்கேயே காசும் கொடுத்துவிட வேண்டும். சாப்பாடு என்றால் மேசை எண்ணைக் கேட்பார்கள், பார்த்து வைத்துக்கொண்டு போங்கள். பார் முன்னால் வரிசை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் வரிசை உண்டு. யாருக்குப் பின் யார் வந்தார் என்பது உள்ளே நிற்பவருக்கும் தெரியும், வந்தவர்களுக்கும் தெரியும். உங்களைத் தவறுதலாக முதலில் கேட்டுவிட்டால், "இவர் எனக்கு முன்னாடி வந்தவர்" என்று கைகாட்டுங்கள். இந்த ஒரு வாக்கியத்தில் உங்கள் மேல் வரும் மதிப்பு வேறு எதிலும் வராது. நோட்டை ஆட்டுவது, விரலைச் சொடுக்குவது எல்லாம் கூடாது.

குழுவாகப் போனால் 'ரவுண்ட்' என்று ஒரு வழக்கம். ஒருவர் எழுந்து எல்லோருக்கும் சேர்த்து வாங்கி வருவார், அடுத்த முறை இன்னொருவர். குடிக்காதவர் இதிலிருந்து ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நான் ஒதுங்குவதில்லை. என் முறை வரும்போது எழுந்து போய் எல்லோருக்கும் வாங்கி வருகிறேன், எனக்கு ஜிஞ்சர் பீர். மற்றவர்களுக்கு மது வாங்கித் தர உங்கள் மனம் ஒப்பவில்லை என்றால், "என் குடும்பத்துக்கு நானே வாங்கிக்கொள்கிறேன்" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடலாம், அதையும் மதிப்பார்கள். ஏன் குடிப்பதில்லை என்று விளக்கம் சொல்ல வேண்டியதே இல்லை. நிறையப் பேர் வண்டி ஓட்டுகிறார்கள் என்பதற்காகவே குடிக்காமல் உட்கார்ந்திருப்பார்கள்.

என்ன வாங்குவது? லைம் அண்ட் சோடா எல்லா இடத்திலும் கிடைக்கும், விலையும் குறைவு. நம்மூர் எலுமிச்சை சோடாவை எதிர்பார்க்காதீர்கள், இது இனிப்பு எலுமிச்சைக் கரைசலில் சோடா ஊற்றுவது. காபி, டீ, ஹாட் சாக்லேட், மதுச்சத்து நீக்கிய பீர் எல்லாம் இப்போது சாதாரணம். ஒரு எச்சரிக்கை: இங்கே சைடர் என்றால் ஆப்பிள் ஜூஸ் இல்லை. பீர் அளவுக்கு, சில சமயம் அதைவிடக் கூடுதலாகவே மது உள்ள பானம். ஷாண்டியிலும் பாதி பீர். ஜிஞ்சர் பீரில்கூட மது உள்ள வகை உண்டு, மகளுக்கு வாங்கும்போது ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

குடிக்காவிட்டாலும் பார் மேசையில் நின்று பார்க்க ஒரு நல்ல காட்சி உண்டு. பீங்கான் கைப்பிடி வைத்த நீண்ட பம்ப்பை அவர்கள் நிதானமாக இழுப்பார்கள். இரண்டு மூன்று இழுப்பில் கீழ்ப்பாதாள அறையிலிருந்து ஏல் மேலே வந்து 568 மில்லி பிடிக்கும் பைண்ட் கண்ணாடியை நிறைக்கும். முதலில் கலங்கலாகச் சுழன்று, மெதுவாகக் கீழிருந்து தெளிந்து வரும். அந்த ஏல் பீப்பாய்க்குள்ளேயே இன்னும் நொதித்துக்கொண்டிருக்கும் உயிருள்ள சரக்கு. அதனால்தான் பனிக்கட்டிக் குளிரில் வைக்காமல் 12 டிகிரி போல வைக்கிறார்கள். பெரிய ஆலைகளின் எந்திர பீர் இதை அழித்துவிடப் பார்த்த சமயத்தில், 1971-இல் காம்ரா என்ற இயக்கம் கிளம்பி இந்த முறையைக் காப்பாற்றியது. உங்கள் குழுவில் சைவமாக இருந்துகொண்டு பீர் குடிப்பவர் யாராவது இருந்தால் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: இந்த வகை ஏலைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசையைச் சேர்ப்பது பழைய வழக்கம். நம் மீனவர்கள் நெட்டி என்பார்களே, அதுதான். சேர்க்காத வகைகளும் இப்போது வருகின்றன. கேட்டால் சொல்வார்கள்.

சாப்பாட்டில் சைவத்துக்குக் குறை இருக்காது, ஆனால் நான்கு கேள்வி கேட்க வேண்டும். சூப்பின் அடிச்சாறு காய்கறியா இறைச்சியா? சாப்பாட்டோடு வரும் சிப்ஸை, அதாவது ஃபிரெஞ்ச் ஃப்ரைஸை, எந்த எண்ணெயில் பொரிக்கிறார்கள்? சில இடங்களில் மாட்டுக்கொழுப்பில் பொரிப்பது உண்டு. கிரேவி சைவமா? முட்டை இருக்கிறதா? இங்கே வெஜிடேரியன் என்றால் முட்டை சேர்த்திதான், எனவே முட்டையும் வேண்டாம் என்றால் தனியாகச் சொல்லுங்கள். கேட்பதில் தயங்காதீர்கள், ஒவ்வாமைச் சட்டங்களால் முட்டை, பால் போன்றவை எதில் இருக்கின்றன என்பதை அவர்கள் சொல்லியாக வேண்டும். என் மனைவி வழக்கமாக வாங்குவது பிளவ்மன்ஸ் லஞ்ச்: தடித்த ரொட்டி, பெரிய சீஸ் துண்டு, வெங்காயம், இனிப்பும் புளிப்புமான ஊறுகாய். பேர் உழவன் சாப்பாடு என்று இருந்தாலும், அது பப்புகளில் பரவியது 1950, 60-களில் சீஸ் வியாபாரத்தை வளர்க்க நடந்த விளம்பரத்தால். தட்டில் பன்றி இறைச்சி சேர்க்கிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் இடம் இருந்தால் பேரீச்சம்பழம் போட்டுச் செய்த ஸ்டிக்கி டாஃபி புடிங், சுடச்சுட. அதில் முட்டை உண்டு, ஆனால் மகளுக்குப் பரவாயில்லை என்றால் வாங்கிக் கொடுங்கள். பார் பின்னால் அட்டையில் தொங்கும் சிறு பொட்டலங்களில் பன்றித் தோல் வறுவலும் இருக்கும், சிப்ஸ் என்று நினைத்து எடுத்துவிடாதீர்கள். நீங்கள் கட்டிக்கொண்டு வந்த புளியோதரையை மலை உச்சியில் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். பப்புக்குள் சொந்தச் சாப்பாட்டைப் பிரிப்பது மரியாதையில்லை.

மகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சட்டப்படி பெரியவர் துணையோடு பிள்ளைகள் வரலாம். 2007 ஜூலையிலிருந்து உள்ளே புகைபிடிக்கத் தடை, அதனால் அந்தத் தொல்லையும் இல்லை. பிள்ளைகள் பார் முன்னால் நிற்கக்கூடாது, இரவு இத்தனை மணிக்கு மேல் கூடாது என்று அந்தந்தப் பப் தன் விதி வைத்திருக்கலாம். மத்தியான வேளையில் எந்தச் சங்கடமும் வராது. நாய் இருக்கும், அநேகமாக ஒன்றுக்கு மேல். மகளுக்கு நாய் என்றால் பயம் என்றால் வாசலிலேயே சொல்லுங்கள், சற்றுத் தள்ளி மேசை கொடுப்பார்கள்.

உங்களைப் போன்ற புதியவர்கள் போவது அந்த ஊர்களுக்கும் தேவைதான். கடை போய், தபால் நிலையம் போய், பப் மட்டும் மிஞ்சிய கிராமங்கள் இங்கே நிறைய. அதே ரயில் பாதையில் ஈடேலுக்கு இரண்டு நிலையம் தள்ளி பாம்ஃபர்டு இருக்கிறது. அங்கே ஆங்லர்ஸ் ரெஸ்ட் என்ற பப்பை ஊர்க்காரர்களே பங்கு போட்டு 2013-இல் வாங்கினார்கள். அதே கூரையின் கீழ் ஒரு காபிக்கடையையும் தபால் நிலையத்தையும் சேர்த்தார்கள். நடந்து வருபவர்கள் வாங்கும் சூப்பும் டீயும் இப்படிப்பட்ட இடங்களின் விளக்கை எரியவைக்கின்றன. அதனால் கழிப்பறைக்கு மட்டும் நுழைந்தாலும் ஏதாவது ஒன்று வாங்குங்கள்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் கணப்போரம் உட்கார்ந்தால் கால் விறைத்துக்கொள்ளும், மறுபடி நடப்பது சிரமம். ஈடேலில் அந்தக் கவலை இல்லை, நடை அங்கேயே முடிந்துவிடுகிறது. ஆனால் குளிர்காலத்தில் நான்கு மணிக்கே இருட்டிவிடும், மேலிருந்து நிலையத்துக்கு இறங்கும் தெருவில் வெளிச்சம் குறைவு. நெற்றி விளக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மான்செஸ்டருக்கு ரயில் மணிக்கு ஒன்று போலத்தான், நேரத்தைக் காலையிலேயே குறித்து வைத்துவிடுங்கள். எழும்போது காலிக் கண்ணாடிகளைப் பார் மேசையில் கொண்டுபோய் வைத்து, உள்ளே இருப்பவருக்கு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். டிப்ஸ் எதிர்பார்க்க மாட்டார்கள். அடுத்த முறை எந்தப் பக்கம் நடக்கலாம் என்று அவரையே கேட்டுப் பாருங்கள், காகிதம் எடுத்து வரைந்தே காட்டுவார்.